வீர மரணமா, பணிக்கால மரணமா? ஒரு படைவீரர் குடும்பத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் சொல்

2021 டிசம்பர் 8 அன்று மதியம், சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்துகொண்டிருந்த விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூருக்குப் பக்கத்தில், நஞ்சப்பசத்திரம் குடியிருப்பை ஒட்டிய சரிவில் விழுந்து தீப்பிடித்தது. உள்ளே 14 பேர். முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15 அன்று பெங்களூரு மருத்துவமனையில் இறந்தார்.

சத்தம் கேட்டு முதலில் ஓடியவர்கள் அந்தக் குடியிருப்பின் தோட்டத் தொழிலாளர்கள். குடத்தில் தண்ணீர் கொண்டு போனார்கள். வீட்டில் இருந்த கம்பளிகளைக் கொண்டு போனார்கள். விழுந்தவர்களைத் தூக்கிவர அந்தக் கம்பளிகள்தான் பயன்பட்டன. நீலகிரி டிசம்பரில் கம்பளி இல்லாமல் ராத்திரி கழியாது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயன் வீட்டில் எத்தனை கம்பளி இருந்துவிடும்? இருந்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் வெலிங்டனிலிருந்து சூலூருக்கு உடல்கள் போனபோது, வழியெங்கும் சனங்கள் நின்று பூத்தூவினார்கள்.

அந்த நன்றியில் கலப்படம் இல்லை. பூ வாடிய பிறகு, அடுத்த முப்பது நாற்பது வருடங்களுக்கு ஒரு படைவீரரின் குடும்பத்தைத் தாங்குவது எது என்பதுதான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் ‘குடும்பத்துக்கு ஒரு கோடி’, ‘அக்னிவீரருக்கு ஒன்றுமே கிடையாது’, ‘தியாகி என்று அறிவித்தால்தான் பென்ஷன்’ என்று வாட்ஸ்அப்பில் பல தகவல்கள் சுற்றுகின்றன. பாதி தவறு, மீதி அரைகுறை. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

வெலிங்டனும் உங்கள் ஊரும்

குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் நடுவே, மலை ரயில் நின்று போகும் சின்ன ஊர் வெலிங்டன். பழைய பெயர் ஜக்கதளா. 1850-களில் ஆங்கிலேயர்கள் இங்கே பாரக்ஸ் கட்டத் தொடங்கினார்கள். இன்று இங்கே இரண்டு பெரிய ராணுவ நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று, பிரிவினையின்போது குவெட்டாவிலிருந்து வந்த பாதுகாப்புப் படை அதிகாரிகள் கல்லூரி. ஊரில் ஸ்டாஃப் காலேஜ் என்றால் அதுதான். இன்னொன்று மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம், சுருக்கமாக எம்.ஆர்.சி. இதுவும் 1947 முதல் இங்கேதான்.

மெட்ராஸ் ரெஜிமென்ட் இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு. அதன் வரலாறு 1758-லிருந்து தொடங்குகிறது. தென் மாநிலங்களிலிருந்து வரும் பையன்கள் பயிற்சி முடித்து, தங்கள் மதத்தின் புனித நூல் முன்பாக, கொடியின் முன்பாக, ‘நிலம், நீர், வான் எந்த வழியிலும், உயிருக்கு ஆபத்து வந்தாலும் போவேன்’ என்று உறுதிமொழி எடுப்பது இங்குள்ள மைதானத்தில்தான். அன்றைக்கு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வந்து இறங்கும் பெற்றோர்களைக் குன்னூர்க்காரர்கள் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள். குளிருக்குப் பழக்கமில்லாமல் துண்டைத் தலையில் சுற்றியிருப்பார்கள். பயிற்சி முடியும் நாளில் பையனைப் பெற்றவர்களுக்கும் கௌரவப் பதக்கம் குத்திவிடும் வழக்கம் ராணுவத்தின் பல பயிற்சி மையங்களில் இப்போது இருக்கிறது. நல்ல வழக்கம். கொடுத்தவர் யார் என்று ராணுவமே ஒப்புக்கொள்ளும் இடம் அது.

ராணுவம் முழுவதும் இந்த ரெஜிமென்ட் வீரர்களைத் ‘தம்பி’ என்றுதான் அழைப்பார்கள். அந்தத் தம்பிகளின் காகிதங்கள் எல்லாம் இருப்பதும் வெலிங்டனில்தான், ஆவணக் காப்பு அலுவலகமான ரெக்கார்ட் ஆபீஸில். எப்போது சேர்ந்தார், யாரைத் திருமணம் செய்தார், குழந்தைகளின் பிறந்த தேதி என்ன, வாரிசு யார் என்பது வரை எல்லாம் அங்கே. ஆகவே தேனியிலோ கிருஷ்ணகிரியிலோ இருக்கும் ஒரு குடும்பத்தின் ஓய்வூதிய மனு முதலில் ஏற வேண்டியது இந்த மலைக்குத்தான். எல்லாத் தமிழ் வீரர்களும் இந்த ரெஜிமென்ட்டில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 15 அன்று கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் உயிர் துறந்து வீர் சக்கரம் பெற்ற ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி பீரங்கிப் படைக்காரர். அந்தப் படையின் ரெக்கார்ட் ஆபீஸ் நாசிக்கில். ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூரு. எந்தப் படை, எந்த ரெக்கார்ட் ஆபீஸ் என்பதைக் குடும்பம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

‘தியாகி’ என்ற சொல் கோப்பில் கிடையாது

செய்தித்தாள் ‘வீர மரணம்’ என்று எழுதும். போஸ்டரில் ‘தியாகி’ என்று போடுவார்கள். அரசாங்கக் கோப்பில் இந்த இரண்டு சொல்லுமே இல்லை. 2017 டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சகமும் உள்துறை அமைச்சகமும் மத்தியத் தகவல் ஆணையத்திடம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டன. ராணுவத்தில் பயன்படும் சொல் ‘பேட்டில் கேஷுவாலிட்டி’. போர் நடவடிக்கையில் ஏற்பட்ட இழப்பு என்று அதற்குப் பொருள். மற்ற மரணங்கள் ‘பிசிக்கல் கேஷுவாலிட்டி’.

ஆகவே ‘தியாகி என்று அறிவிக்கவில்லை, அதனால் பணம் வராது’ என்பது தவறு. அப்படி அறிவிக்கும் ஏற்பாடே கிடையாது. குடும்பம் கவனிக்க வேண்டியது, யூனிட் அனுப்பும் அறிக்கையில் மேலே சொன்ன இரண்டில் எது எழுதப்பட்டிருக்கிறது, மரணம் பணியினால் ஏற்பட்டது என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். விபத்து என்றால் விசாரணை மன்றம் கூடும். அதன் முடிவு ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போகும். அங்கிருந்து பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்குப் போகும். கடைசியில் பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணை வரும். நடுவில் எங்கோ எழுதப்பட்ட அந்த ஒரு சொல் ஆயுள் முழுக்கக் கூடவே வரும்.

மூன்று வகைக் குடும்ப ஓய்வூதியம்

ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 1996 ஜனவரி 1 முதல், படைவீரர் மரணங்கள் ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து வகையாகப் பிரிக்கப்படுகின்றன. இந்த ஐந்தும் மூன்று ஓய்வூதியங்களில் போய் முடிகின்றன.

1. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம். பணியோடு தொடர்பில்லாத நோய், அல்லது பணியில் இல்லாத நேரத்து விபத்து. இது ‘ஏ’ வகை. கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். பணியில் இருக்கும்போதே இறந்தால் முதல் 10 வருடங்களுக்கு 50 சதவீதம், அப்புறம் 30.

2. சிறப்புக் குடும்ப ஓய்வூதியம். பணிச் சூழலால் வந்த நோய் ‘பி’. பணியின்போது நடந்த விபத்து ‘சி’. இரண்டுக்கும் 60 சதவீதம்.

3. லிபரலைஸ்டு குடும்ப ஓய்வூதியம். இதற்கு ஊரில் புழங்கும் தமிழ்ப் பெயர் இல்லை. முன்னாள் வீரர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள். தீவிரவாதிகளின் தாக்குதல் போன்றவை ‘டி’. போர், எல்லை மோதல், அரசு அறிவித்த ராணுவ நடவடிக்கைகள் ‘இ’. கடைசிச் சம்பளம் முழுவதும், அதாவது 100 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிப்படைச் சம்பளமும் ராணுவப் பணி ஊதியமும் சேர்ந்து ஒருவர் கடைசியாக 40,000 ரூபாய் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வகையில் அவர் மனைவிக்கு முதல் 10 வருடம் மாதம் 20,000, அதன் பின் 12,000. சிறப்பு வகையில் 24,000. லிபரலைஸ்டு வகையில் 40,000. இவற்றோடு அகவிலை நிவாரணமும் சேரும். ஒரே ரேங்க், ஒரே சர்வீஸ், ஒரே வயதில் விதவையான மூன்று பெண்கள். பதினோராவது வருடத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவே மாதம் 28,000 ரூபாய் வித்தியாசம்.

எதிரியின் குண்டுக்கு எதிரே நின்றவரின் குடும்பத்துக்கு அதிகம் கொடுப்பது சரிதான். அதில் எனக்கு மறுப்பில்லை. மனசு ஒப்பாதது இன்னொன்று: 12,000 ரூபாய் வாங்கும் அந்தப் பெண்ணின் கணவரும் அதே உறுதிமொழியைத்தான் எடுத்தார். எங்கே அனுப்பினாலும் போனார். அவர் இறந்த விதம் அவர் தேர்ந்தெடுத்தது இல்லை. நாம் நன்றி என்று பேசும்போது இந்த ‘ஏ’ வகைக் குடும்பங்கள் நம் கண்ணிலேயே படுவதில்லை. அவர்கள் வீட்டுக்கு அமைச்சர் வருவதில்லை, கேமராவும் வருவதில்லை.

ஒரு சொல் மாறியபோது

இந்த வகைப்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கே சாட்சி. 2013 ஜனவரியில் ஜம்மு-காஷ்மீரில் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அருகே, கடும் குளிரில் ரோந்து போன, நாயக் ரேங்கில் இருந்த ஒரு வீரருக்கு மூச்சுத் திணறல் வந்தது. இதயம் நின்று இறந்தார். முதலில் ‘பேட்டில் கேஷுவாலிட்டி’ என்று எழுதினார்கள். பிறகு அது ‘பிசிக்கல் கேஷுவாலிட்டி’ என்று மாற்றப்பட்டது. குடும்பத்துக்குக் கிடைத்தது சிறப்பு ஓய்வூதியம். லிபரலைஸ்டு கிடைக்கவில்லை.

அவர் மனைவி ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2019-ல் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. 2024 டிசம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து, பணியில் இறந்த ஒரு வீரரின் மனைவியை இப்படி நீதிமன்றத்துக்கு இழுத்திருக்கவே கூடாது என்று சொல்லி, அவருக்கு 50,000 ரூபாய் வழக்குச் செலவு கொடுக்கவும் உத்தரவிட்டது. கணவர் இறந்து கிட்டத்தட்ட 12 வருடம்.

குளிரும் உயரமும் எதிரிதான் என்பது மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்தில், 19-வது மெட்ராஸ் படைப்பிரிவின் முகாம் மேல் பனிச்சுவர் சரிந்தது. 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து, பனிக்கு அடியிலிருந்து கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று டெல்லியில் அவரும் இறந்தார். 1984 ஏப்ரலில் ‘மேகதூத்’ நடவடிக்கை தொடங்கியது முதல் சியாச்சினில் நம் வீரர்களைக் கொன்றதில் குண்டுகளைவிடப் பனியின் பங்குதான் அதிகம்.

தமிழ்நாட்டில் இப்படித் தகராறு வந்தால் போக வேண்டிய இடம் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. வக்கீலுக்குக் காசில்லை என்று விட்டுவிட வேண்டாம். படைவீரர் நல வாரியங்கள் வழியாக இலவசச் சட்ட உதவி தரும் திட்டத்தைத் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலையில் தொடங்கியிருக்கிறது.

மொத்தமாக வரும் பணம்: ‘ஒரு கோடி’ எங்கிருந்து வருகிறது?

மாதாமாதம் வரும் ஓய்வூதியம் தவிர, ஒரே தடவையாக வரும் தொகைகள் உண்டு. இவற்றையெல்லாம் கூட்டித்தான் செய்திகளில் ஒரு பெரிய எண்ணைச் சொல்கிறார்கள். தனித்தனியாகப் பிரித்தால் இப்படி இருக்கும்.

மத்திய அரசின் கருணைத்தொகை, 2016 ஜனவரி 1 முதல் உள்ள விகிதப்படி: பணியின்போது விபத்து அல்லது தீவிரவாதிகளின் வன்முறை என்றால் 25 லட்சம். எல்லை மோதல், தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கை என்றால் 35 லட்சம். குறிப்பிட்ட உயரமான, எட்டாத எல்லை முகாம்களில் இயற்கைச் சீற்றத்தாலோ கடும் வானிலையாலோ இறந்தாலும் 35 லட்சம். போர் என்றால் 45 லட்சம். ‘கருணை’ என்ற சொல் இங்கே பொருந்தவில்லை என்று ஒவ்வொரு முறை எழுதும்போதும் தோன்றும். வாங்குகிறவர் யாரிடமும் கருணை கேட்டு நிற்கவில்லை.

அடுத்தது ராணுவக் குழுக் காப்பீடு. இது அந்த வீரரின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்த பணத்தில் நடக்கும் காப்பீடு. அரசு கொடுத்த நிவாரணம் என்று இதையும் சேர்த்துச் சொல்வது சரியில்லை. பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி இரண்டும் அவர் உழைத்துச் சேர்த்தவை.

மூன்றாவது மாநில அரசின் தொகை. நடவடிக்கையில் உயிர் துறந்த தமிழ்நாட்டு வீரர்களின் குடும்பங்களுக்கு 20 லட்சமாக இருந்தது, 2023-24 பட்ஜெட்டில் 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். ஒரே சம்பவத்தில் இறந்த இரண்டு வீரர்களின் குடும்பங்களுக்கு வேறு வேறு தொகை என்று செய்தி வருவதற்கு பெரும்பாலும் காரணம் இதுதான்.

அக்னிவீரர்: ஒன்றுமே இல்லை என்பதும் தவறு, எல்லாம் உண்டு என்பதும் தவறு

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேருகிறவர்களுக்கு 4 வருடப் பணி. அதற்குப் பிறகு 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் ‘சேவா நிதி’ என்ற மொத்தத் தொகை சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்புவார்கள். வெலிங்டன் மைதானத்தில் இப்போது உறுதிமொழி எடுக்கும் பையன்கள் இந்தத் திட்டத்தில் வந்தவர்கள்தான்.

பணியில் இருக்கும்போது ஓர் அக்னிவீரர் இறந்தால், எந்தக் காரணமானாலும், 48 லட்சம் காப்பீடு உண்டு. இதற்கு அவரிடம் பணம் பிடிப்பதில்லை. அதுவரை சேர்ந்த சேவா நிதியும் வரும். மரணம் பணியினால் ஏற்பட்டது என்றால் மேற்கொண்டு 44 லட்சம் கருணைத்தொகையும், 4 வருடத்தில் மீதியிருக்கும் காலத்துக்கான சம்பளமும் உண்டு. ஆகவே ‘ஒன்றுமே கிடையாது’ என்பது பொய்.

குடும்ப ஓய்வூதியம் இல்லை. இதுதான் பெரிய வித்தியாசம். நிரந்தர வீரரின் மனைவிக்கோ தாய்க்கோ சாகும்வரை மாதாமாதம் ஒரு தொகை வரும்; விலைவாசி ஏறும்போது அதுவும் ஏறும். அக்னிவீரர் குடும்பத்துக்கு மொத்தப் பணத்தோடு முடிந்துவிடும். 4 வருடம் முடித்து வெளியே வருபவருக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. அதனால் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமும் மிலிட்டரி கேன்டீனும் இல்லை. பையனை அனுப்பும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும். ஒரே பங்கரில் நிற்கும் இரண்டு பேருக்கு இரண்டு விதமான நன்றி என்பது நெடுநாள் நிற்கக் கூடாது என்பது என் எண்ணம்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவை ராணுவம் இல்லை. உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த 2 பேர் அதில் இருந்தார்கள். அவர்களுடைய ஓய்வூதிய விதிகள் வேறு, போக வேண்டிய அலுவலகங்களும் வேறு.

மனைவிக்கா, பெற்றோருக்கா?

2024-ல் கீர்த்தி சக்கரம் பெற்ற ஓர் இளம் அதிகாரியின் பெற்றோர், வாரிசு விதியை மாற்ற வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டபோது இந்தக் கேள்வி நாடு முழுக்கப் பேசப்பட்டது. இப்போதைய நிலை இதுதான்: திருமணமானவர் என்றால் குடும்ப ஓய்வூதியம் முதலில் மனைவிக்கு. திருமணமாகாதவர் என்றால் பெற்றோருக்கு. காப்பீடு, வைப்பு நிதி போன்ற மொத்தத் தொகைகள் வீரர் எழுதிக் கொடுத்த நியமனப்படி (நாமினேஷன்) போகும். அதில் மனைவிக்கு இவ்வளவு, அம்மாவுக்கு இவ்வளவு என்று அவரே பிரித்து எழுதலாம். ஓய்வூதியத்தையும் பிரித்துக் கொடுக்கும் யோசனை பரிசீலனையில் இருப்பதாகப் பாதுகாப்பு அமைச்சகம் 2024-ல் நாடாளுமன்றத்தில் சொன்னது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று வெளியாட்கள் பஞ்சாயத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காத காரியம். 23 வயதில் தாலியை இழந்த பெண்ணைப் பார்த்துப் ‘பணத்தோடு போய்விட்டாள்’ என்று எழுதுகிறவர்கள், விதி எப்படி இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ளட்டும். வீரப் பதக்கத்துக்கான மாதத் தொகை, மனைவி மறுமணம் செய்தால் நின்றுவிடும். இறந்தவரின் சகோதரனையே மணந்தால் மட்டும் தொடரும். இப்படி ஒரு விதி 2017 நவம்பர் வரை இருந்தது. அந்த மாதம்தான் அந்த நிபந்தனையை எடுத்தார்கள்.

எந்த அட்டவணையிலும் வராதது

ராணுவ வீரருக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் வரை தற்செயல் விடுப்பு. எல்லாமே கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும் 90 நாள். ஓய்வூதியத்துக்குத் தேவையான குறைந்தபட்சப் பணி 15 வருடம். பெருக்கினால் 1,350 நாள். அதாவது 15 வருடத்தில் நாலு வருடம்கூட வீட்டில் இல்லை. வெலிங்டன் மாதிரி அமைதிப் பகுதியில் போஸ்டிங் வந்து, குவார்ட்டர்ஸும் கிடைத்தால் குடும்பம் சேர்ந்து இருக்கலாம். குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடியாத ஃபீல்டு போஸ்டிங் வந்தால் மனைவி மாமியார் வீட்டுக்கோ அம்மா வீட்டுக்கோ திரும்புவார். பிள்ளைக்கு மறுபடி பள்ளிக்கூடம் மாற வேண்டும், சில சமயம் மொழியே மாறிவிடும். பிரசவம், அப்பாவின் சாவு, அண்ணன் கல்யாணம், இவற்றில் எத்தனைக்கு ‘அவர் வரவில்லையா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கு எங்கும் இல்லை. உயிரோடு திரும்பி வந்தவரின் குடும்பமும் கொடுத்திருக்கிறது.

கொடிநாள் காசு எங்கே போகிறது?

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். 1949 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. சிவப்பு, கரு நீலம், வெளிர் நீலம் மூன்று படைகளைக் குறிக்கும். பள்ளிக்கூடத்திலும் அரசு அலுவலகத்திலும் சட்டையில் குத்திவிடும் அந்தச் சின்னத் தாள் கொடிக்கு நாம் போடும் பத்து ரூபாய் எங்கே போகிறது என்று பலருக்கும் தெரியாது. ஓய்வூதியம் இல்லாத, நலிந்த முன்னாள் வீரர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் உதவுவதற்குத்தான் முக்கியமாகப் போகிறது. மத்திய அளவிலான உதவிகள் 2025 நவம்பர் 1 முதல் இரட்டிப்பாகியிருக்கின்றன. 65 வயதைக் கடந்த, ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கு மாதம் 4,000 என்பது 8,000 ஆனது. பிள்ளைகளின் கல்விக்கு மாதம் 1,000 என்பது 2,000 ஆனது. திருமண உதவி 50,000 என்பது ஒரு லட்சம் ஆனது.

இவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். நீலகிரிக்காரர்களுக்கு ஊட்டியில். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருக்கும் வயதான விதவைகளுக்கு அந்தப் பயணமே ஒரு நாள் கூலி இழப்பு. அவர்களுக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுப்பதும், கூடப் போய் வருவதும் கொடி குத்திக்கொள்வதைவிடப் பெரிய உதவி.

இனிஷியல் என்ற தமிழ்ச் சிக்கல்

கடைசியாக, விதிகளைவிட அதிகமாகக் குடும்பங்களை அலைக்கழிக்கும் ஒரு விஷயம். பெயர்.

லட்சுமி என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். கணவரின் பணிப் பதிவேட்டில் ‘லட்சுமி’. ஆதாரில் ‘லட்சுமி மாரிமுத்து’. வங்கிக் கணக்கில் கல்யாணத்துக்கு முந்தைய அப்பா இனிஷியலோடு ‘கே. லட்சுமி’. ரேஷன் கார்டில் ‘மா. இலட்சுமி’. நம் ஊரில் இந்த நாலும் ஒரே ஆள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற கணினி அமைப்பு வழியாகப் போகிறது. அதற்கு இவர்கள் நாலு பேர். பிறந்த தேதியும் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் கேட்கவே வேண்டாம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கிளம்புவதற்குள் அந்தப் பெண் தாசில்தார் அலுவலகத்துக்கும் நோட்டரிக்கும் நடக்கத் தொடங்கியிருப்பார்.

பணியில் இருக்கும்போதே இதைச் சரிசெய்வது சுலபம். விடுப்பில் வரும் வீரர்கள் இந்த நான்கையும் பார்த்துவிட வேண்டும்.

1. பார்ட் டூ ஆர்டர். திருமணம், குழந்தை பிறப்பு, பெயர் மாற்றம் எதுவானாலும் யூனிட் வழியாக இது வெளியாக வேண்டும். கல்யாணம் ஊரறிய நடந்தாலும், இந்த ஆணை இல்லாவிட்டால் பதிவேட்டில் மனைவி என்று ஒருவர் இல்லை. ஆதாரில் உள்ள எழுத்து அப்படியே அதில் இருக்க வேண்டும்.

2. நியமனம். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் எழுதியது அப்படியே இருக்கும். யாருக்கு எவ்வளவு என்று யோசித்து, மனைவி, பெற்றோர் இருவருக்கும் தெரியும்படி மாற்றி எழுதுவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

3. உயிர்வாழ் சான்று. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்கள் வருடத்துக்கு ஒரு முறை கொடுத்தே ஆக வேண்டும். வருடக்கணக்கில் கொழுந்து பறித்த கையில் ரேகை தேய்ந்து, கைரேகை இயந்திரம் ஏற்காமல் போவது இந்த மலையில் சகஜம். முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வசதி 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது. பேரனோ பேத்தியோ ஃபோனில் செய்து கொடுக்கலாம்.

4. காகிதங்கள். பணி எண், ரெக்கார்ட் ஆபீஸ் முகவரி, காப்பீட்டு விவரம், வங்கிப் புத்தகம், ஓய்வு பெற்றவர் என்றால் பி.பி.ஓ.வும் டிஸ்சார்ஜ் புத்தகமும், எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நகல் எடுத்து, பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மனைவியிடம் காட்டிவிட்டுத்தான் திரும்ப ரயில் ஏற வேண்டும்.